ஜெட் ஆற்றங்கரையில் ஒரு காலக்கணக்கு

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் ஜெட்பரோ என்ற சிற்றூரை ஒட்டி ஓடுகிறது ஜெட் ஆறு. அது அரித்துவிட்ட கரையில் இருவகைப் பாறைகள் மேலும் கீழுமாகத் தெரிகின்றன. கீழே சாம்பல்நிறப் பாறையடுக்குகள் அலமாரியில் நிறுத்திய புத்தகங்கள்போலச் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின்மேல் செம்மணற்கல் அடுக்குகள் கிடையாகப் படிந்திருக்கின்றன. 1787இல் இதைப் பார்த்த நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், பூமி மிகமிகப் பழமையானது என்ற தன் வாதத்துக்கு இதைச் சான்றாக்கினார். கடலடியில் சேறும் மணலும் கிடையாகத்தான் படியும். அவை இறுகிக் கல்லாகி, நெருக்குண்டு நிமிர்ந்து, நிலமாக உயர்ந்து, உச்சி தேய்ந்து மழுங்கிய பிறகுதான் மேலே செம்மணல் வந்து படிந்திருக்க முடியும்.

இத்தனையும் ஒரே பெருவெள்ளத்தின் வேலையாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். இரண்டுக்கும் நடுவிலுள்ள சரளைப் படுகையே அதற்குப் பதில். அதில் பதிந்திருப்பவை கீழ்ப்பாறையிலிருந்து உடைந்த துண்டுகள். ஈரச்சேறு இப்படிக் கல்துண்டுகளாக உடையாது. மேலடுக்கு படியத் தொடங்கும்போதே கீழடுக்கு கெட்டிப்பாறையாகியிருந்தது. கீழடுக்குகள் தொடக்கத்திலேயே செங்குத்தாகப் படிந்திருந்தால்? தண்ணீரில் இறங்கும் மணல் சுவராக எழும்பாது. புவியீர்ப்பு அதைப் பரப்பிவிடும்.

இன்றைய கணக்கில் கீழ்ப்பாறை சிலூரியன் காலத்தது. மேற்பாறை டெவோனியன் காலத்தின் பிற்பகுதி. இடைவெளி பல கோடி ஆண்டுகள். அக்காலத்துக்கு இங்கே அடுக்கே இல்லை. ஆற்றோரப் பாறைகளை ஆராய்பவர், இருக்கும் அடுக்குகளை எண்ணினால் மட்டும் போதாது; இல்லாத அடுக்குகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.