மறுபடி பிறக்கும் கிற்றார்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்றொரு நகர் உண்டு. அந்நகரில் தொழிற்சாலை நடத்திவந்த கிப்சன் நிறுவனத்தார் 1958 முதல் 1960 வரையுள்ள மூன்றாண்டுகளில் ஒருவகை மின் கிற்றாரைச் செய்து விற்றனர். அதன் முகப்பு நடுவில் தேன்மஞ்சளாயும், ஓரத்தை நெருங்க நெருங்கச் செக்கச்சிவந்தும், அந்திவானம் போன்ற பூச்சுடையது. லெஸ் போல் என்னும் கிற்றார்க் கலைஞரின் பெயரைத் தாங்கிய அவ்வாத்தியத்தின் விலை அன்று 250 டொலருக்குச் சற்றுக் குறைவு. அப்படியிருந்தும் வாங்குவார் அதிகமில்லை. மூன்றாண்டிலுமாகச் செய்யப்பட்டவை ஏறக்குறைய 1,700 என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1961இல் நிறுவனத்தார் அவ்வடிவத்தைக் கைவிட்டு, இரு கொம்புகளையுடைய மெல்லிய உடலமைப்புக்கு மாறிவிட்டனர். இன்று அந்தப் பழைய கிற்றார்களுள் ஒன்று விலைக்கு வருமாயின் பல இலட்சம் டொலரைத் தயாராக வைத்திருப்பவரே அதனருகிற் செல்லலாம்.

இனி, இதே கிற்றாரை இதே நிறுவனம் இன்றும் செய்து விற்கின்றது. அதே வடிவம், அதே நிறம், அதே பெயர். விலை மட்டும் சில ஆயிரம் டொலர். இதனை மறுவெளியீடு என்பர். அரியதென்று கருதி ஒரு பொருளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர், அதனையொத்த மற்றொன்று கடைவாசலில் தொங்குவதைக் காணும்போது என்ன நினைப்பார்? பொறாமையா, கோபமா, பெருமிதமா? மூன்றும் உண்டு. எது எவரிடத்தில் எழுகின்றது என்பதே ஆராயத்தக்கது.

மின் கிற்றாரின் இயல்பை முதலில் சிறிது அறிந்துகொள்ளல் நலம். வீணையிலும் சாதாரண கிற்றாரிலும் தந்தியின் அதிர்வை மரத்தாலான குடம் பெருக்கி ஒலியாக்குகின்றது. மின் கிற்றாரிலோ உடல் பெரும்பாலும் கெட்டியான மரம். உருக்குத் தந்திகளின் கீழே, மயிரிழை போன்ற செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுக்களாகச் சுற்றிய காந்தச் சுருள் ஒன்று இருக்கும். இதற்குப் பிக்கப் என்று பெயர். தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கின்றது. அதனை ஒலிபெருக்கி பெருக்கித் தருகின்றது. ஆகவே தந்தி, காந்தம், கம்பிச்சுருள் ஆகியவற்றை அப்படியே மறுபடியும் செய்துவிட்டால் ஒலியும் பெரும்பாலும் மறுபடி பிறந்துவிடும் என்று எண்ண இடமுண்டு. மறுவெளியீட்டுத் தொழில் முழுவதும் இந்த எண்ணத்தின் மீதே நிற்கின்றது.

கைவிடப்பட்ட லெஸ் போல் கிற்றார் தேடப்படும் பொருளானதற்குக் காரணம் இங்கிலாந்து. 1966இல் எரிக் கிளாப்டன் என்னும் இளைஞர், ஜோன் மேயோல் குழுவினரின் இசைத்தட்டு ஒன்றில் இவ்வகைப் பழைய கிற்றாரை வாசித்தார். தடித்து, நீண்டு, அழுவது போன்றிருந்த அந்த நாதம் இளம் வாசிப்பாளர் பலரை மயக்கிற்று. கடைகளில் அவர்கள் கேட்டனர். கடைக்காரரிடம் சரக்கில்லை. 1968இல் நிறுவனத்தார் லெஸ் போல் வரிசையை மீண்டும் தொடங்கினர். ஆனால் வந்தவை பொன்னிறத்தனவும் கருநிறத்தனவுமேயன்றி, மக்கள் கேட்ட அந்திவானப் பூச்சும் அதற்குரிய பிக்கப்பும் உடையவை அல்ல. பசித்தவனுக்குப் பண்டம் மாறிப் பரிமாறியது போலாயிற்று. 1970களின் நடுவில் மெம்பிஸ் நகரத்து இசைக்கருவிக் கடையொன்று, பழையதைப் போலவே செய்து தருமாறு தனியே கேட்டு வாங்கவேண்டியிருந்தது. கலமசூத் தொழிற்சாலை 1984இல் மூடப்பட்டது. பழைய அளவுகளை ஒழுங்காகப் பின்பற்றும் வரிசை, நாஷ்வில் நகரத்தில் இதற்கெனத் தனிப்பிரிவு அமைந்த 1993இலேயே நிலைபெற்றது.

அன்றுமுதல் நடந்துவருவது ஒரு விசித்திரமான ஓட்டம். ஒவ்வொரு சில ஆண்டுக்கும் ஒருமுறை, இம்முறை முன்னையினும் மூலத்துக்கு நெருங்கிவிட்டோம் என்று நிறுவனம் அறிவிக்கும். 2013இல் கழுத்தை உடலோடு ஒட்டுவதற்குச் செயற்கைப் பசையை விலக்கி, நம் நாட்டுத் தச்சர்களும் நன்கறிந்த வச்சிரத்தை மீண்டும் கைக்கொண்டனர். 2015இல் பிளாஸ்ரிக் குமிழ்களும் வளையங்களும் கூடப் பழையனவற்றை அளந்து புதிதாக வார்க்கப்பட்டன. இதனால் முதலில் மனம் புண்படுபவர் 1959ஆம் ஆண்டுக் கிற்றாரை உடையவர் அல்லர். முன்னைய மறுவெளியீட்டை வாங்கியவரே. மூலத்துக்கு இதைவிட நெருங்கவியலாது என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுத்தவருக்கு, இரண்டாண்டின் பின் இன்னும் நெருங்கியது ஒன்று வந்துவிட்டது என்ற செய்தி எப்படியிருக்கும்? கையிலுள்ள வாத்தியத்தின் நாதம் நேற்றிருந்தது போலவே இன்றும் இருக்கின்றது. எனினும் அதனைக் கேட்கும் செவி மாறிவிடுகின்றது.

எவ்வளவு முயன்றும் மீட்கவியலாத பொருள்களும் உண்டு. பழைய கிற்றார்களின் விரற்பலகை பிறேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தாலானது. காடழிவு காரணமாக அம்மரத்தின் சர்வதேச வாணிகம் 1992இல் ஏறத்தாழ முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அதனால் மறுவெளியீடுகளுட் பெரும்பாலானவற்றில் இந்திய ரோஸ்வுட் இடம்பெற்றது. அஃதாவது, நீலகிரி, வயநாடு முதலிய மலைக்காடுகளில் வளரும், தமிழர் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் மரமே. அமெரிக்கக் கிற்றார்ப் பிரியர் இரண்டாந்தரமென்று குறைகூறும் மரம், தென்னாட்டு வீடுகளிற் கட்டிலாகவும் கதவாகவும் நின்று தலைமுறைகளின் மதிப்பைப் பெற்ற மரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இதிலும் ஒரு வேடிக்கை. 2003 அளவில் வெளிவந்த சில மறுவெளியீடுகளுக்குப் பிறேசில் மரமே விரற்பலகையாக அமைந்தது. இப்போது சேகரிப்பாளர் அவற்றைத் தனியே தேடி, அதிக விலை கொடுத்து வாங்குகின்றனர். படியாக வந்ததே தானும் ஒரு மூலமாகிவிட்டது.

அவ்வாறாயின் 1959ஆம் ஆண்டுக் கிற்றாரின் விலை, இத்தனை படிகள் வந்தபின் வீழ்ந்திருக்க வேண்டாமா? வீழவில்லை. காரணத்தை விளக்க முத்திரைச் சேகரிப்பிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகமாயிருந்து 1961இல் விமான விபத்தில் மறைந்த டாக் ஹமர்ஷீல்ட் அவர்களின் நினைவாக, 1962இல் அமெரிக்க அஞ்சற் பகுதி நான்கு சத முத்திரையொன்றை வெளியிட்டது. சில தாள்களில் மஞ்சள் நிறம் தலைகீழாக விழுந்துவிட்டது. அத்தகைய தாளொன்று தம் கையிற் கிடைத்ததைக் கண்ட ஒருவர், பெருஞ்செல்வம் வந்ததென்று மகிழ்ந்தார். அஞ்சற் பகுதித் தலைவரோ அதே பிழையை வேண்டுமென்றே மீண்டும் அச்சிடக் கட்டளையிட்டார். ஏறக்குறைய நான்கு கோடி முத்திரைகள் தலைகீழ் மஞ்சளோடு வெளிவந்தன. உடையவர் நீதிமன்றத்தை நாடியும் பயனில்லை. அவருடைய முத்திரைக்கும் பிந்திய முத்திரைக்கும் வேற்றுமை காண எவராலும் இயலாது. ஆகவே அருமை ஒரே நாளில் அழிந்தது.

கிற்றார் அப்படியன்று. அறுபது ஆண்டுக்கு மேல் உலர்ந்த மரம், வெயிலில் வெளிறிய சாயம், வாசித்தவரின் விரலும் வியர்வையும் பட்டுத் தேய்ந்த கழுத்து ஆகியவற்றை எந்தத் தொழிற்சாலையும் அச்சிட்டுத் தரமுடியாது. அக்காலத்துச் சிவப்புச் சாயம் ஒளிபட்டால் மங்கும் இயல்புடையது. அந்தக் குறைபாட்டினாலேயே ஒரே நிறத்திற் பிறந்த கிற்றார்கள் இன்று ஒன்று தேயிலைநீர் நிறமாகவும், ஒன்று எலுமிச்சை மஞ்சளாகவும் வெவ்வேறு முகத்தோடு காட்சியளிக்கின்றன. மூலமும் படியும் பிரித்தறியப்படும் வரையில், படி மூலத்தின் புகழைப் பரப்பும் தூதனாகவே தொழிற்படுகின்றது. பழைய கிற்றாரின் உடைமையாளர் பலர் மறுவெளியீட்டை வெறுக்காமைக்கு இதுவே காரணம் எனலாம். 2010இல் நிறுவனத்தார் தொடங்கிய ஒரு வரிசைக்கு, உடைமையாளரே தம் கிற்றார்களை அளவெடுக்கக் கொடுத்துதவினர். தழும்பும் கீறலும் உட்படப் படியெடுக்கப்பட்டன.

அவ்வரிசையில் முதலாவதாகப் படியெடுக்கப்பட்ட கிற்றாரின் கதை சுவையானது. பீற்றர் கிறீன் என்னும் ஆங்கிலக் கலைஞரின் கையிலிருந்தமையால் அதற்குக் கிறீனி என்றே பெயராயிற்று. அதன் இரு பிக்கப்புக்களுள் ஒன்றில் காந்தம் திசைமாறி அமைந்திருந்தது. முறையாக அமைந்த இரு சுருள்கள் தேர்வடத்தை ஒரே பக்கம் இழுக்கும் இருவர் போன்றவை. ஒன்றின் ஓசையோடு மற்றதன் ஓசை சேரும். கிறீனியில் இருவரும் எதிரெதிர் இழுக்கின்றனர். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்ள, மெலிந்து, மூக்காற் பேசுவது போன்ற நாதம் எஞ்சுகின்றது. வேறொருவர் கையில் இது பழுது. பீற்றர் கிறீன் கையில் அது முத்திரையாகியது. 1970களின் தொடக்கத்தில் அவர் அதனைக் கெரி மூர் என்ற இளங்கலைஞருக்குச் சிறு விலைக்குக் கொடுத்தார். மூர் முப்பதாண்டுக்கு மேல் வைத்திருந்து 2006இல் விற்றார். 2014இல் மெற்றாலிக்கா குழுவின் கேர்க் ஹமெற் அதனை வாங்கினார். 2023இல் கிப்சன் நிறுவனம் ஹமெற்றின் இசைவோடு கிறீனியை மீண்டும் வெளியிட்டது. அன்று தவறிப்போன காந்தத்தை இன்று கவனமாகத் தவறவைத்துப் பொருத்தினர்.

இதனினும் விநோதம், மூலம் கையில் இல்லாமலே படியெடுத்தது. கிளாப்டன் 1966இல் வாசித்த கிற்றார் அவ்வாண்டே களவு போயிற்று. 2010இல் நிறுவனத்தார் பழைய நிழற்படங்களையும் கலைஞரின் நினைவையும் துணைக்கொண்டு அதற்கொரு படி செய்தனர். அதே கலைஞர், மூன்று பழைய பெண்டர் கிற்றார்களின் நல்ல உறுப்புக்களைச் சேர்த்துத் தமக்கென ஆக்கிக்கொண்ட கருநிறக் கிற்றார் 2004இல் ஏலத்தில் 959,500 டொலருக்குப் போயிற்று. 2006இல் அதற்கு 275 படிகள் செய்யப்பட்டன. கிற்றாரின் தலைப்பகுதியில் சிகரெட் சுட்ட தழும்பு கூட விடப்படவில்லை. ஒரே நாளில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. புதியதைப் பழையதாக்கிக் கீறியும் துருப்பிடிக்கச்செய்தும் விற்பதைப் பெண்டர் நிறுவனத்தார் 1995 முதல் செய்துவருகின்றனர். வாசித்துத் தேய்க்கவேண்டியதைக் காசு கொடுத்துத் தேய்ப்பதா என்று நகைப்பவரும் உளர்; புதுக்கிற்றாரில் முதற்கீறல் விழும் அச்சம் இல்லாமல் வாசிக்கலாம் என்று விரும்புபவரும் உளர்.

உண்மையான மனத்தாங்கல் எழும் இடம் வேறு. 1959ஆம் ஆண்டுக் கிற்றார் அரிதானது, விற்பனையாகாமையால். இத்தனைதான் செய்வோம் என்று அன்று எவரும் வாக்களிக்கவில்லை. ஆகவே மீறப்படுவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுத்து விற்கப்படும் கிற்றார்களும் உள்ளன. யப்பானிய இபனெஸ் நிறுவனம் 1987இல் ஸ்ரீவ் வாய் என்னும் கலைஞருக்காக ஒரு மாதிரியை அமைத்தது. கண்ணைப் பறிக்கும் பச்சை நிறம். உடலில் கைபிடிக்கத்தக்க துவாரம். மொத்தம் 777, ஒவ்வொன்றிலும் கலைஞரின் கையொப்பமும் எண்ணும். முப்பதாண்டின் பின், 2017இல், அம்மாதிரி அதே பச்சையில் மீண்டும் வந்தது.

சட்டப்படி இதிற் குற்றமில்லை. கையொப்பமிட்ட 777 கிற்றார்கள் 777ஆகவே உள்ளன. பின்னது வேறொரு வெளியீடு. எனினும் வாங்கியவர் எதனை வாங்கினார் என்பதைப் பொறுத்தே அவர் உள்ளம் அமைகின்றது. கையொப்பத்தையும் அக்காலத்தையும் வாங்கியவருக்குக் குறைவு நேரவில்லை. இந்தப் பச்சைக் கிற்றார் இனிப் பிறக்காது என்ற உறுதியை வாங்கியவருக்கோ, வாங்கிய பொருளிற் பாதி போய்விட்டது. அந்த உறுதி பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. விளம்பரத்தின் தொனியில் இருந்தது. தொனியை நம்பியது அவர் பிழையென்பது கடுமை. அந்தத் தொனிக்காகவே விலை கூட்டி வாங்கப்பட்டதை நிறுவனம் அறியாதிருந்திருக்க முடியாது. மறுபக்கத்தில், 1987இல் பாடசாலைச் சிறுவனாயிருந்து படத்தில் மட்டும் அதனைப் பார்த்து ஏங்கியவர் நடுவயதில் அதனை வாசிக்கப் பெற்றதும் சிறிய காரியமன்று. இருவர் நியாயத்தையும் ஒரே தராசில் நிறுப்பது எளிதன்று. ஆனால் எண்ணிக்கையைச் சொல்லி விற்பவர், அந்த எண் கையொப்பத்துக்கா, நிறத்துக்கா, மாதிரி முழுவதுக்குமா என்பதை விற்கும்போதே தெளிவாக எழுதிவிட்டால் இவ்வழக்கிற் பெரும்பகுதி எழாது.

வஞ்சகரால் வரும் தொல்லையும் உண்டு. 1959ஆம் ஆண்டுக் கிற்றாரின் தொடரெண் 9 என்ற இலக்கத்தில் தொடங்கும். அவ்வாண்டின் மறுவெளியீடுகளிலும் முதல் இலக்கம் 9. மறுவெளியீடு பலவற்றில் மின்னிணைப்புகள் மறைந்திருக்கும் குழியினுள்ளே அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைச் சுரண்டி எறிந்து, பழைய பிக்கப்புக்களைப் பொருத்தி, மூலமென்று விற்க முயல்வோர் உளர். படி எவ்வளவுக்கு நன்றாக அமைகின்றதோ அவ்வளவுக்கு உடையவரின் பொறுப்பும் கூடுகின்றது. ஆதலால் அனுபவமுள்ளோர், பழைய பூச்சு ஒளிரும் விதத்தைப் புறஊதா விளக்கிற் பார்த்து, ஈயப்பற்று வைத்த இணைப்புகள் கலைக்கப்பட்டனவா என்று சோதித்த பின்னரே பணத்தை எடுப்பர்.

மூலத்தையும் படியையும் ஒருங்கே உடைய கலைஞர் சிலர் படியை மேடைக்குக் கொண்டு சென்று மூலத்தை வீட்டில் பூட்டிவைக்கின்றனர். விமானப் பயணத்தில் உடையுமோ, களவு போகுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. ஹமெற் அவ்வாறு செய்வதில்லை. ஆயிரக்கணக்கானோர் கிறீனியின் படிகளை வீட்டில் வாசித்துக்கொண்டிருக்க, அவர் மேடைகளில் மாட்டிக்கொண்டு வாசிப்பது, காந்தம் திசைமாறிய அந்தப் பழைய கிற்றாரையே.