வீடு காலி பண்றீங்களா? பெயின்ட் காசு யார் தரணும்?

"பெயின்ட் அடிக்கணும், அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிறேன்." சங்கரன்கோவிலோ சென்னையோ, வீடு காலி பண்ணும்போது அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சட்டம் என்ன சொல்கிறது?

2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, வயரிங் பார்ப்பது எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி வாடகைதாரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம். முதலில் அதைப் படிச்சிடுங்க. சாதாரணப் புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை.

சாமான் ஏற்றிய பிறகு, சாவி கொடுக்கும் முன், ஓனரோடு ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். வீடியோ எடுங்க, ஈபி மீட்டரும் அதில் வரட்டும். எதற்கு எவ்வளவு பிடித்தம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிடுங்க.

நியாயமான பாக்கியைக் கழித்து, மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் ஓனர் திருப்பித் தர வேண்டும். இழுத்தடித்தால் வாடகை நீதிமன்றத்தில் முறையிடலாம். ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். அடுத்த வீட்டுக்குப் போகும்போது அதை மறந்துடாதீங்க.