குரலும் இளியும் துத்தமும்

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையைப் பயிலும் மாணவர், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு பெயர்களையும் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். 'இவை ஏழிசையின் பெயர்கள்' என்ற அளவில் பாடமும் முடிந்துவிடுகிறது. குரல் என்பது எவ்வளவு உயர்ந்த ஒலி என ஒரு மாணவன் வினவுவானாயின் விடை யாது?

குரலுக்கென அளந்து வைத்த ஒலி எதுவும் இல்லை. பாடுவோர் தம் சாரீரத்திற்கு இசைந்த ஓர் ஒலியை முதலாகக் கொள்வர். அந்நிலையே சுருதி, அம்முதல் ஒலியே குரல். இதனை இன்று 'ச' என்று கொள்வர் பலர். ஆணும் பெண்ணும் வேறு வேறு சுருதியில் ஒரே பாட்டைப் பிழையின்றிப் பாட முடிவதும் இதனாலேயாம். சுரம் என்பது தனித்து நிற்கும் ஒலியன்று. முதல் ஒலியோடு அது கொண்ட உறவினாலேயே பெயர் பெறுகிறது.

இவ்வுறவைக் கம்பி ஒன்றில் காணலாம். 90 சென்டிமீட்டர் நீளக் கம்பியை இழுத்துக் கட்டி மீட்டுக. எழும் ஒலியைக் குரல் என்க. பாதி நீளத்தை, அதாவது 45 சென்டிமீட்டரை மட்டும் அதிரவிட்டால், அதே குரல் மேல்நிலையில் ஒலிக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது ஒரு தாயி. தாழ்ந்த நிலையை மெலிவு என்றும், நடுநிலையைச் சமன் என்றும், உயர்ந்த நிலையை வலிவு என்றும் பழந்தமிழர் வழங்கினர்.

இனி, 60 சென்டிமீட்டர் அதிர்ந்தால் எழுவது இளி, அதாவது 'ப'. குரல் நொடிக்கு 240 அதிர்வுகள் உடையதாயின் இளி 360 அதிர்வுகள் உடையதாகும். குரலோடு சேர்த்து ஒலிக்கும்போது செவிக்கு மிக இனிதாய்ப் பொருந்துவது இதுவே. குரல் முதலாக எண்ணினால் இளி ஐந்தாவது. ஐந்தாம் நரம்பைக் கிளை என்றனர் முன்னோர்.

இளி முதலாக மீண்டும் ஐந்து எண்ணுக: இளி, விளரி, தாரம், குரல், துத்தம். தாரத்தோடு வரிசை முடியாமல் மீண்டும் குரலுக்கே வருதல் காண்க. கம்பியில் 60-இன் மூன்றில் இரு பங்காகிய 40 சென்டிமீட்டரில் மேல்நிலைத் துத்தமும், அதனை இரட்டித்த 80-இல் சமன்நிலைத் துத்தமும் பிறக்கும். தாரத்தில் தொடங்கி, இவ்வாறே ஐந்து ஐந்தாக எண்ணி, ஏழு நரம்பும் பிறத்தலைப் பழைய உரைகள் கூறும்.

இப்போது குரவைக்கு மீள்வோம். மாதரி ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்தி, அவர்க்கு ஏழிசையின் பெயரிடுகிறாள். குரலை மாயவன் என்றும், இளியைப் பலதேவன் என்றும், துத்தத்தைப் பின்னை என்றும் அழைக்கிறாள். குரலின் கிளை இளி. இளியின் கிளை துத்தம். ஆயர்பாடியின் மூவரும் இசையிலும் உறவினராய் நிற்கின்றனர். ஏழாவதை அடுத்து மீண்டும் முதல் வருதலை அவ்வட்டமே காட்டுகிறது.

கம்பி ஒன்றும் அளவுகோல் ஒன்றும் வகுப்பறைக்கு வந்தால், மனப்பாடமாய்க் கிடந்த பெயர்கள் மாணவர் செவியில் ஒலிக்கத் தொடங்கும். இளங்கோவடிகளின் இசைப்புலமையும் அவர்க்கு விளங்கும்.