சிறு துப்புரவு நிறுவனத்துக்கான அதிகார ஆவணம்

ஒருவர் தமக்குப் பதிலாகத் தம் பெயரில் செயல்பட மற்றொருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் அளிக்கும் பத்திரமே அதிகார ஆவணம் ஆகும். பேச்சு வழக்கில் இது பவர் பத்திரம் எனப்படுகிறது. வீடு, மனை விற்பனையோடு தொடர்புபடுத்தியே பலர் இதை அறிந்திருந்தாலும், உரிமையாளர் இல்லாத நாட்களில் ஒரு சிறு தொழிலைத் தடையின்றி நடத்தவும் இது பயன்படுகிறது. வீடு, அலுவலகம், மருத்துவமனை போன்ற இடங்களைச் சுத்தம் செய்து தரும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு இந்தியச் சட்டப்படி அதிகார ஆவணம் எழுதும் முறையையும் அதன் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சட்ட அடிப்படை

இந்தியாவில் அதிகார ஆவணங்களை 1882ஆம் ஆண்டின் அதிகார ஆவணங்கள் சட்டமும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகமை பற்றிய பிரிவுகளும் நெறிப்படுத்துகின்றன. அதிகாரம் அளிப்பவர் 18 வயது நிறைந்தவராகவும் தெளிந்த மனநிலை உடையவராகவும் இருத்தல் வேண்டும். அதிகாரம் பெறுபவர் முகவர் எனப்படுவார். முகவர் தம் அதிகார எல்லைக்குள் செய்யும் செயல்கள், அளித்தவரே செய்தவை போல அவரைக் கட்டுப்படுத்தும். முகவருக்குச் சம்பளமோ கைம்மாறோ கொடுத்தால்தான் முகமை செல்லும் என்பதில்லை.

தேவைப்படும் சூழல்

சிறு துப்புரவு நிறுவனங்களில் பல, ஒருவர் மட்டுமே உரிமையாளராக உள்ள தனியுரிமைத் தொழில்கள். சட்டத்தின் பார்வையில் அத்தொழிலும் உரிமையாளரும் வேறு வேறு அல்ல. ஆகவே அவர் அறுவை சிகிச்சைக்காகவோ வெளிநாட்டுப் பயணமாகவோ இரண்டு மாதம் விலகினால், காசோலையில் கையொப்பமிடவும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் வேறு எவருக்கும் உரிமை இருக்காது. மாத ஊதியம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வழங்கப்பட வேண்டும் என்பது சட்ட விதி. ஒரு கையொப்பம் தாமதமானால் முதலில் பாதிக்கப்படுவோர் அந்தச் சம்பளத்தை நம்பியிருக்கும் துப்புரவுப் பணியாளர்களே.

கூட்டாண்மை நிறுவனத்தில் ஒவ்வொரு கூட்டாளியும் அன்றாட வணிகச் செயல்களில் நிறுவனத்தைக் கட்டுப்படுத்த முடியும். நிறுவனச் சட்டப்படி பதிவான கம்பெனியில் இயக்குநர் குழுவின் தீர்மானம் வழியாக அதிகாரம் அளிக்கப்படும். எனவே அதிகார ஆவணத்தின் தேவை தனியுரிமைத் தொழிலில்தான் மிகுதி.

பொது அதிகாரமும் தனி அதிகாரமும்

குறிப்பிட்ட ஒரு செயலுக்கு மட்டும் அளிப்பது தனி அதிகார ஆவணம். ஒரு குடியிருப்பு வளாகத்துடன் ஒப்பந்தம் கையெழுத்திட மட்டும் அளிக்கும் அதிகாரம் இதற்கு எடுத்துக்காட்டு. பலவகைச் செயல்களுக்கு அளிப்பது பொது அதிகார ஆவணம். பெயர் எதுவானாலும், ஆவணத்தில் சொல்லப்பட்டவற்றையும் அவற்றைச் செய்து முடிக்கத் தேவையானவற்றையும் மட்டுமே முகவர் செய்யலாம். நீதிமன்றங்கள் இத்தகைய ஆவணங்களுக்குக் கண்டிப்பாகவே பொருள் கொள்கின்றன. "தொழில் தொடர்பான அனைத்தும்" என்று ஒரே வரியில் எழுதுவது முகவருக்கும் உதவாது. உரிமையாளருக்கும் பாதுகாப்பு தராது.

குறிப்பிட வேண்டிய அதிகாரங்கள்

துப்புரவு நிறுவனத்தின் ஆவணத்தில் பின்வருவனவற்றைத் தனித்தனியே எழுதுவது நல்லது.

1. குறிப்பிட்ட வங்கிக் கணக்கின் எண், அதில் முகவர் ஒரு முறையும் ஒரு மாதத்திலும் எடுக்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு.
2. பணியாளர்களுக்கு ஊதியம் வழங்குதல், வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. பதிவு இருப்பின் அவற்றுக்கான தொகையைச் செலுத்துதல்.
3. வாடிக்கையாளருக்குப் பில் அனுப்புதல், பணம் பெற்று ரசீது தருதல்.
4. குறிப்பிட்ட தொகைக்கும் காலத்துக்கும் உட்பட்ட பணி ஒப்பந்தங்களில் கையொப்பமிடுதல்.
5. சுத்தம் செய்யும் மருந்துகள், இயந்திரங்கள், கையுறை போன்ற பாதுகாப்புப் பொருட்கள் வாங்குதல்.

வங்கிகள் பலவும் தங்களுக்கென வைத்துள்ள படிவத்தையும் கேட்பதுண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ள தொழிலில், முகவரை அதன் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகத் தனியே சேர்க்க வேண்டும்.

விலக்க வேண்டியவை

கடன் வாங்குதல், அடமானம் வைத்தல், தொழிலையே விற்றல் ஆகியவை முகவருக்கு இல்லை என்று வெளிப்படையாக எழுதலாம்.

துப்புரவுத் தொழிலுக்கே உரிய இன்னொரு விலக்கும் உண்டு. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், கழிவுநீர்க் குழாய்களையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பணியமர்த்துவதைக் குற்றமாக்கியுள்ளது. முதல் முறை மீறலுக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். முகவர் இத்தகைய பணியை நிறுவனத்தின் பெயரில் ஏற்றால் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து. உரிமையாளரும் வழக்கைச் சந்திக்க நேரலாம். இப்பணியை ஏற்க அதிகாரம் இல்லை என்று ஒரு வரி எழுதுவதோடு, முகவரிடம் அதை நேரிலும் விளக்க வேண்டும்.

எழுதும் முறை

ஆவணத்தில் இருவரின் பெயர், முகவரி, அடையாள விவரம், தொழிலின் பெயர், அதிகாரங்களின் பட்டியல், தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவை இடம்பெற வேண்டும். முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நோட்டரி முன் கையொப்பமிட்டுச் சான்று பெற்ற ஆவணம் முறைப்படி எழுதப்பட்டது என நீதிமன்றம் அனுமானிக்கும். தமிழ்நாட்டில் அசையாச் சொத்து தொடர்பான அதிகாரம் அளித்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம். எனவே அன்றாடத் தொழிலுக்கான ஆவணத்தில் நிலம், கட்டிடம் பற்றிய அதிகாரங்களைக் கலக்காதிருப்பது எளிது. வெளிநாட்டில் எழுதப்பட்ட ஆவணத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

முகவரின் கடமைகள்

உரிமையாளரின் அறிவுறுத்தலின்படி நடப்பதும், கேட்கும்போது கணக்குக் காட்டுவதும் முகவரின் சட்டக் கடமைகள். உரிமையாளருக்குத் தெரியாமல் தமக்கென ஆதாயம் தேடினால் அதை அவர் திருப்பிக் கேட்கலாம். பெற்ற அதிகாரத்தை, அனுமதியின்றிப் பொதுவாக வேறொருவருக்கு மாற்றித்தர இயலாது.

வாடிக்கையாளர் தந்த காசோலை பணமின்றித் திரும்பினால் முகவர் வழியாகப் புகார் தாக்கல் செய்யலாம் என உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆனால் சாட்சி சொல்ல, அந்தக் கொடுக்கல் வாங்கலை முகவர் தாமே அறிந்திருக்க வேண்டும்.

அதிகாரம் முடிவுக்கு வருதல்

குறித்த காலம் முடிந்தாலோ, பணி நிறைவேறினாலோ, உரிமையாளர் ரத்து செய்தாலோ அதிகாரம் முடிகிறது. ரத்து செய்த செய்தி முகவரையும் வெளியாரையும் எட்டும் வரை அவர்களைப் பொறுத்தவரை அது நடப்புக்கு வராது. ஆகவே வங்கிக்கும் வாடிக்கையாளர்களுக்கும் உடனே எழுத்து மூலம் தெரிவித்து, மூல ஆவணத்தையும் திரும்பப் பெற வேண்டும்.

உரிமையாளர் இறந்தாலும் மனநிலை பிறழ்ந்தாலும் ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி முகமை முடிந்துவிடுகிறது. பலரும் அறியாதது இதுவே. பக்கவாதத்தாலோ விபத்தாலோ தாம் நினைவிழந்தால் உதவும் என்று எண்ணி எழுதும் ஆவணம், அந்த நிலையில் நம்பத்தக்கதாக இருக்காது. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மனத்திறன் இழந்த பின்னரும் நீடிக்கும் தனிவகை அதிகார ஆவணம் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் அத்தகைய வகை எதையும் வகுக்கவில்லை. கோமா நிலையில் உள்ளவருக்காகக் குடும்பத்தினர் உயர் நீதிமன்றத்தை நாடிப் பாதுகாவலராக நியமனம் பெற்றுள்ளனர். அதற்குக் காலமும் செலவும் ஆகும். இடைக்காலத்தில், உரிமையாளரின் நலன்களைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமையை 209ஆம் பிரிவு முகவர் மீது சுமத்துகிறது.

எனவே தற்காலிக விலகலுக்கு அதிகார ஆவணம் ஏற்றது. நீண்டகாலப் பாதுகாப்பு வேண்டுவோர், நலமாக இருக்கும்போதே நம்பிக்கைக்குரிய ஒருவரைச் சேர்த்துத் தொழிலைக் கூட்டாண்மையாகவோ வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையாகவோ மாற்றுவது பற்றி வழக்கறிஞரிடமும் கணக்காளரிடமும் கலந்து முடிவெடுக்கலாம். அவ்வாறு மாற்றினால் கையொப்ப உரிமை ஒருவரிடம் மட்டும் தங்கியிருக்காது.