வருஷத்துக்கு 17 பை

மகளுக்கு ஆஸ்பத்திரி மாடியில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. தலசீமியா, மூன்று வாரத்துக்கு ஒரு பை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பாக்காரர் கேட்டார்: "டெஸ்ட் பண்ணித்தானே சார் ஏத்துறாங்க? அப்புறம் இவளுக்கும் எதுக்கு ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி காமாலை டெஸ்ட்?"

ரத்த வங்கியில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். கணக்கிலிருந்து ஆரம்பித்தேன்.

மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு 17 பை. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் கொடுத்தது. பத்து வருஷத்தில் 170 பேர். பிரசவத்தில் ஒரே ஒரு பை ஏற்றிக்கொண்ட பெண்ணுக்கும் இவளுக்கும் ஒரு பைக்கு உள்ள கிருமி தொற்றும் ஆபத்து ஒன்றுதான், அதுவும் ரொம்பச் சின்னது. ஆனால் இவள் சீட்டைக் குலுக்கி எடுப்பது 170 தடவை.

"டெஸ்ட்ல தெரியாதா?"

தெரியும். எலிசா என்கிற பரிசோதனைத் தட்டில் 96 குழி. கிருமியின் தடயம் இருந்தால் அந்தக் குழி நீலமாகும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். கண்ணாலேயே பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், காமாலை வரவைக்கும் கிருமிகளில் ஒன்றான ஹெபடைடிஸ் சி-க்கு நாம் பெரும்பாலும் தேடுவது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளை. அது தலைகாட்ட இரண்டு மாதம்கூட ஆகும். அதற்குள் வந்து ரத்தம் கொடுத்தால், கொடுத்தவருக்கும் தெரியாது, தட்டுக்கும் தெரியாது. நாட் என்கிற பரிசோதனை கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிப்பதால் அந்த இடைவெளி சில நாட்களாகச் சுருங்கும். செலவு அதிகம், எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது.

ஹெபடைடிஸ் பி-யே பிடிபட்டது இவளைப் போல அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவரால்தான். 1960களில் புளும்பெர்க் என்பவர், நியூயார்க்கைச் சேர்ந்த ஹீமோஃபிலியா நோயாளியின் சீரத்தை ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தபோது புதுப் புரதம் ஒன்று சிக்கியது. கிருமியின் மேலுறைதான் அது. 1976இல் அவருக்கு நோபல். ஹெபடைடிஸ் சி அடையாளம் தெரியவே 1989 ஆனது.

"வந்தா கண்ணு மஞ்சளாகுமே?"

ஆகவேண்டுமென்று இல்லை. கிருமி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலில் உட்கார்ந்திருக்கும். அங்கே ஏற்கெனவே இரும்பு வேறு இருக்கிறது. ஒரு பையில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும், அதை வெளியே தள்ள உடம்புக்கு வழி தெரியாது. இரண்டும் சேர்ந்தால் ஈரல் சீக்கிரம் கெடும். அதற்குத்தான் அந்த ஆறு மாத டெஸ்ட்.

சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் மாத்திரை வந்துவிட்டது. பெரும்பாலும் 12 வாரம், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசியோடு ரிபாவிரின் கொடுப்பார்கள். அது சிவப்பணுக்களை உடைக்கும். தலசீமியாக் குழந்தைக்கு இன்னும் கூடுதலாக ரத்தம் ஏற்றவேண்டி வரும். கொடுமை அது.

பி-க்குத் தடுப்பூசி உண்டு. "அதெல்லாம் பொறந்தப்பவே போட்டாச்சு சார்" என்று ஃபைலைப் பிரித்துக் காட்டினார். ஊசித் தேதிகளுக்குக் கீழே போன மாத ரிப்போர்ட். எதிர்ப்பொருள் அளவு 6 என்றிருந்தது.

"இது 10-க்கு மேல இருக்கணும் தம்பி. மேல போனதும் டாக்டர்கிட்ட இந்தத் தாளைக் காட்டி, பூஸ்டர் போடணுமான்னு கேளுங்க."