புதிய வீட்டில் முதற் செலவு எதற்கு?

மண்சரிவினால் வீட்டையும் காணியையும் இழந்து, வேறிடத்தில் குடியமர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போதெல்லாம் எம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "கையில் இருப்பது கொஞ்சப் பணம். வீடு அரைகுறையாகக் கிடக்கிறது. எதை முதலில் செய்யலாம்?" என்பதே அது.

நல்ல கேள்வி. இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடைதான் நல்லதாக இல்லை. இஸ்தோப்புக்கு மாபிள் பதிக்கிறார்கள், முன்மதில் கட்டுகிறார்கள், வெளிச்சுவருக்கு வர்ணம் பூசுகிறார்கள். பின்பக்கத்திலோ, நான்கு தகரத்தின் கீழ், மூன்று கல்லை வைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மா சமைக்கிறார். வீடு புதியது, வாழ்க்கை பழைய லயத்து வாழ்க்கையே.

ஆகவே ஒரு ரூபா செலவிடுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்குமாறு நாம் வேண்டுகிறோம். ஒன்று: இந்தச் செலவு நாளை முதல் நாளாந்தச் செலவையோ உழைப்பையோ குறைக்குமா? மற்றது: நாம் செய்வது எமக்கே சொந்தமாக இருக்குமா? வீட்டின் பெறுமதியைத் தீர்மானிப்பவை இவ்விரண்டுமே.

லயத்திலிருந்து வந்த வழி

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் செழித்தன. அவற்றை வளர்த்த மக்களோ பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஒரு கதவு, பல இடங்களில் யன்னலே இல்லை. படுக்கையும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது. இந்த மாற்றங்கள் எவற்றிலும் லயத்தில் இருந்தவருக்கு அந்த லயம் சொந்தமாகவில்லை. சொந்தமில்லாத சுவரில் யாரும் பணத்தைப் போடமாட்டார்கள். லயங்கள் சீரழிந்து கிடந்ததற்கு இது பெரிய காரணம்.

பின்னர் மலையே எமக்கு எதிராகத் திரும்பியது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசரக் குன்று சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்து லயன் மண்ணுக்குள் புதையுண்டது. 2017 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் தவித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைப்பிரதேசங்கள் எங்கும் அழிவை விதைத்தபோது கேகாலை மாவட்டமும் தப்பவில்லை. இவ்வாறு இடம்பெயர்ந்தவர்களுள் தோட்டத் தொழிலாளரும் உள்ளனர். சிறு தேயிலை, மரக்கறி, இறப்பர்க் காணிகளை நம்பி வாழ்ந்த விவசாயிகளும் உள்ளனர். வருமானம் குறைந்த நிலையில் புதிய வீட்டில் தொடங்குவது இருவருக்கும் பொதுவானது.

அடுப்பிலிருந்து தொடங்குவோம்

வீட்டிலே நாளுக்கு இரண்டு, மூன்று தடவை செலவு வைக்கும் இடம் அடுப்படி. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது. அவ்வாண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது. நகரத்தவர்கூட விறகைத் தேடிய காலம் அது. விலைகள் ஏறலாம், இறங்கலாம். விறகடுப்பைக் கைவிட எமது குடும்பங்களால் முடியாது. அப்படியானால் அதை ஒழுங்காக அமைத்துக்கொள்வதே அறிவு.

மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் பானைக்குப் போகிறது. மிகுதி காற்றோடு போகிறது. இதற்கு மாற்றாக எமது நாட்டிலேயே உருவானது 'அனகி' அடுப்பு. இலங்கை மின்சார சபையும் ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனமும் இணைந்து 1986இல் இதனை உருவாக்கின. விலைமதிப்பற்றது என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். குயவரின் கையால் களிமண்ணில் வனையப்படும் இவ்வடுப்பில் இரண்டு பானை வைக்கலாம். முன்வாயில் எரியும் தீ முதற் பானையைச் சூடாக்குகிறது. அதன் அனல் உள்வழியே சென்று இரண்டாம் பானையையும் சூடாக்குகிறது. ஒரே தீயில் சோறு வேகும்போதே கறியும் கொதிக்கும்.

சரியாகப் பாவித்தால் விறகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். கிழமைக்கு மூன்று கட்டு எரிக்கும் குடும்பத்துக்கு இரண்டு கட்டுப் போதும். அதாவது ஆண்டுக்கு 52 கட்டு விறகை மலையில் பொறுக்கவும் தலையில் சுமக்கவும் வேண்டியதில்லை. அடுப்பின் விலையோ ஒரு தடவை எரிவாயு வாங்கும் பணத்தைவிடக் குறைவு. மட்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற மொலகொட கேகாலை மாவட்டத்திலேயே, கொழும்பு–கண்டி வீதியில் உள்ளது. அங்கும் உங்கள் ஊர்ச் சந்தையிலும் விசாரித்துப் பாருங்கள்.

வாங்கிய அடுப்பை வெறுமனே நிலத்தில் வைத்தால் விரைவில் வெடித்துவிடும். புற்றுமண், மாட்டுச்சாணம், உமி ஆகியவற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அடுப்பைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் அணைத்துக் கட்ட வேண்டும். விறகு வைக்கும் வாயையும் பானை வாய்களையும் மூடிவிடாதீர்கள். நிழலில் மெதுவாக நன்கு காயவிட்டபின் சிறு தீயில் தொடங்குங்கள். சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றக்கூடாது. வெடிப்புத் தோன்றினால் அதே மண்ணால் பூசுங்கள். இப்படி அணைத்துக் கட்டிய அடுப்பு சில ஆண்டுகள் உழைக்கும்.

சமைப்பவரின் உயரத்துக்கு ஏற்பவே மேடை அமைய வேண்டும். மேசனிடம் வேலையைக் கொடுக்குமுன், சமைப்பவரை நிற்கச் சொல்லி அளவெடுங்கள்.

விறகு உலர வேண்டும்

ஈர விறகு எரியும்போது அதிலுள்ள நீரைக் கொதிக்க வைப்பதிலேயே தீயின் ஒரு பகுதி வீணாகிறது, புகையும் கூடுகிறது. இரத்தினபுரியைப் போல மழை ஓயாத பிரதேசத்தில் விறகை உலரவைப்பதே ஒரு தொழில். இறப்பர் மரம் மழையில் கிடந்தால் விரைவில் பூஞ்சணம் பிடித்து உளுத்துப்போகும். ஆகவே வெட்டிய உடன் பிளந்து, தாழ்வாரத்தின் கீழ், நிலத்திலிருந்து ஓரடி உயர்த்திய தட்டில் காற்றோட்டமாக அடுக்குங்கள். அடுப்புக்கு நேர் மேலே பரணில் விறகை நிறைப்பது தீ ஆபத்து.

தோட்டத்தில் கவாத்து வெட்டும் காலத்தில் கிடைக்கும் மிலாறு நல்ல விறகு. ஆனால் அதையே நம்பியிருக்க முடியாது. வேலிக்குக் கிளிரிசீடியாக் கம்புகளை நடுங்கள். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு 2005இல் இதனை அறிவித்தது. வெட்ட வெட்டத் தளிர்க்கும். கம்பு அடுப்புக்கு, இலை ஆட்டுக்கும் மண்ணுக்கும். ஏழு பேர்ச் காணியைச் சுற்றியுள்ள வேலியே ஒரு சிறு விறகுத் தோட்டமாகலாம்.

புகை, வெளிச்சம், வெப்பம்

அனகி அடுப்பு விறகைக் குறைக்கும், புகையை வெளியேற்றாது. அதற்குப் புகைபோக்கி இல்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். வீட்டுக்குள் புகையைச் சுவாசிப்பதால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. தாயும், தாயின் மடியிலிருக்கும் குழந்தையுமே இப்புகையை அதிகம் சுவாசிப்பவர்கள். அடுப்புக்கு மேல் புகைக்கூடு கட்டி, கூரையைவிட இரண்டடி உயர்த்துவது சிறந்தது. அதற்கு வசதி இல்லையெனில், எதிரெதிர்ச் சுவர்களின் உச்சியில் துளையுள்ள கற்களைப் பதியுங்கள். புகை தானாக வெளியேறும்.

சமையலறைக் கூரையில் வெளிச்சம் புகும் சீற் ஒன்றைப் போட்டால் பகலில் மின்குமிழ் தேவையில்லை. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் அதைப் போட வேண்டாம்.

எமது பிரதேசத்தின் தொல்லை குளிரல்ல, புழுக்கம். தகரக் கூரைக்கு வெளிப்புறம் வெள்ளை வர்ணம் பூசினால் வெயில் திரும்பிப் போகும். மேற்குச் சுவரை ஒட்டிப் பந்தல் போட்டு பாகலோ, கொடித்தோடையோ படரவிட்டால் சுவருக்கு நிழல், குசினிக்குக் காய். அஸ்பெஸ்டஸ் சீற் உள்ளவர்கள் அதை வாளால் அறுப்பதையும், உரஞ்சிக் கழுவுவதையும், உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாட விடுவதையும் தவிர்க்க வேண்டும். அதன் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கவல்லது.

பீலியும் கானும்

தண்ணீர் சுமப்பதும் சக்தியை இழப்பதே. அந்தக் கணக்கு எந்தப் பற்றுச்சீட்டிலும் வருவதில்லை. பெண்களின் முதுகில்தான் எழுதப்படுகிறது. 50 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 500 லீற்றர் நீர் விழும். சிந்துவது போக 400 லீற்றராவது பீப்பாவில் சேரும். கழுவவும் குளிக்கவும் பயிருக்கு ஊற்றவும் அது போதும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டபின் சேருங்கள். நுளம்பு புகாமல் பீப்பாவை மூடி வையுங்கள்.

பீலி இன்னொரு வகையிலும் வீட்டைக் காக்கிறது. கூரைநீர் அத்திவாரத்தருகே விழுந்து மலைச்சரிவில் ஊறுவதே பல இடங்களில் ஆபத்தின் தொடக்கம். பீலியின் நீரும் பீப்பா நிரம்பி வழியும் நீரும் சீமெந்துக் கானினால் பாதுகாப்பான இடத்துக்கு ஓட வேண்டும். சமையலறையை நீட்டுவதற்காக வீட்டின் பின்னாலுள்ள மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டவே வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெற்றே கட்டடத்தை விரியுங்கள். மண்சரிவுக்குத் தப்பிவந்த நாமே இன்னொரு சரிவை வெட்டி உண்டாக்கலாகாது.

மின்கட்டணம்

2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. ஆனால் மாதம் 30 அலகுக்குக் குறைவாகப் பாவித்த ஏழைகளுக்கோ 264 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம். அதன்பின் ஏற்ற இறக்கங்கள் உண்டு. எனினும் 30, 60 அலகு எல்லைகளைத் தாண்டினால் அலகின் விலை கூடும் என்ற முறை வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. 60 வாற்று பழைய குமிழ் ஒன்று நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு. அதே வெளிச்சம் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு 1.35 அலகே செல்லும். இரண்டு குமிழ்களை மாற்றினாலே மாதம் 15 அலகுக்கு மேல் மிஞ்சும். பல குடும்பங்கள் ஒரே மானியில் இணைந்திருந்தால் எல்லை விரைவில் தாண்டப்படும். தனி மானி பெறுவது, முதலில் செலவாகத் தோன்றினாலும், பின்னர் சேமிப்பே.

உறுதி இல்லாத வீடு

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இந்திய அரசின் 2012ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையில் 50,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் 4,000 மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் உறுதியும் என்ற கோரிக்கை 2015க்குப் பின்னரே வலுப்பெற்றது. அதற்கு முன் வீட்டுக் கடனைக் கட்டி முடித்தும் உறுதி கிடைக்காதவர்கள் பலர்.

ஆகவே எமது ஆலோசனை இதுவே. இன்னும் லயத்திலோ, தற்காலிகக் கொட்டிலிலோ இருப்பவர்கள் கழற்றி எடுத்துச் செல்லக்கூடியவற்றுக்குச் செலவிடுங்கள்: அடுப்பு, குமிழ், பீலி, பீப்பா, விறகுத் தட்டு. உறுதி கிடைத்தவர்கள் நிலையானவற்றில் பணத்தைப் போடுங்கள்: புகைக்கூடு, கான், கூரை, மலசலகூடம். உறுதி தருவதாகச் சொல்லப்பட்டும் கையில் கிடைக்காதவர்கள், சுவருக்கு வர்ணம் பூசுமுன் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டும். தனியே போகாமல் பத்துக் குடும்பமாகப் போங்கள்; எழுத்தில் கேளுங்கள்; பிரதியை வைத்திருங்கள். இயலுமான இடத்தில் கணவன், மனைவி இருவரது பெயரும் பதியப்படட்டும். மின்பட்டியலும் நீர்ப்பட்டியலும் உங்கள் பெயரில் வருவது வசிப்பிடத்துக்கு ஒரு சான்று. சீமெந்து வாங்கிய பற்றுச்சீட்டு, கடன் கட்டிய புத்தகம், உறுதியின் பிரதி அனைத்தையும் தண்ணீர் புகாத ஒரே பையில் கட்டி வையுங்கள். இரவில் ஓட நேர்ந்தால் எதை எடுக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரிசையாகச் சொன்னால்: முதலில் அடுப்பு, பின் உலர்ந்த விறகு, பின் குமிழ். இவை மூன்றும் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கலாம். மிஞ்சும் பணத்தில் பீலியும் கானும். அதன்பின் புகைக்கூடு, கூரை. எல்லாம் முடிந்தபின் இஸ்தோப்புக்கு மாபிள் போடுங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

அடுப்புக் கட்டுவதும் கான் வெட்டுவதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானத்தில் பத்து வீடுகளுக்கு முடியக்கூடிய வேலை. மண் குழைக்கத் தெரிந்த பாட்டிமார் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து, முதல் வீடாக மிகவும் முடியாதவரின் வீட்டைத் தெரிவுசெய்து, அங்கே தொடங்குங்கள்.