தேறிய உடம்பா, ஏறிய எடையா?

தீபாவளிக்குத் துணி எடுக்க மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார் எங்கள் தெரு அக்கா ஒருவர். மனநல வார்டிலிருந்து பையன் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வழக்கமான 30 சைஸ் பேன்ட் தொடைக்கு மேல் ஏறவில்லை, 36 எடுத்தார்கள். அக்காவுக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். "உடம்பு தேறிட்டான் தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எலும்பும் தோலுமா இருந்தானே, பார்த்தீங்கல்ல?"

பார்த்தேன். சோற்றில் யாரோ மருந்து கலக்கிறார்கள் என்று வீட்டுச் சாப்பாட்டையே தொடாமல், பெட்டிக்கடை பன்னைத் தின்று திரிந்த நாட்கள் அவை. அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் முறை சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினால் எந்தத் தாய்தான் மறுப்பாள்? நானும் "ஆமாங்க்கா, நல்லா இருக்கான்" என்றுதான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் மாத்திரைகள் காதில் கேட்கும் குரல்களை அடக்குகின்றன, சந்தேகத்தைத் தணிக்கின்றன. அவற்றில் சில பசியையும் கிளறிவிடுகின்றன. ஓலன்சபினும் குளோசபினும் இதில் முதல் வரிசை. ரிஸ்பெரிடோன், குவெட்டியபின் இரண்டும் நடுத்தரம். அரிப்பிப்ரசோல் அவ்வளவாக எடை ஏற்றாது. வயிறு நிறைந்ததும் 'போதும்' என்று மூளைக்கு உணர்த்துவதில் ஹிஸ்டமினுக்கும் செரட்டோனினுக்கும் பங்கு உண்டு. அவை வேலை செய்யும் இடங்களையே இந்த மருந்துகள் அடைத்துவிடுவதால், சாப்பிட்டுக் கை கழுவிய அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது. நாக்கை அடக்கத் தெரியாதவன் என்று அவனைத் திட்டிப் பயனில்லை. எடை வேகமாக ஏறுவது பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான். அதாவது, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து, எல்லோரும் அப்பாடா என்று மூச்சுவிடும் காலத்தில்.

பழி முழுவதையும் மாத்திரை மேல் போடவும் முடியாது. இந்த மருந்துகளில் முதலாவதான குளோர்ப்ரொமசின் 1952-ல்தான் மனநோய்க்குப் புழக்கத்துக்கு வந்தது. பைத்தியம் உள்ள குடும்பங்களில் சர்க்கரை நோயும் அதிகம் தென்படுவதாக இங்கிலாந்து மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி 1879-லேயே எழுதிவிட்டார். நோயே ஆளை மந்தமாக்குகிறது. எழுந்து நடக்கவோ நாலு பேரோடு பேசவோ மனம் வராது. வார்டில் சாப்பாட்டுக்கு மணி உண்டு. வீட்டில் மணி ஏது? மாத்திரையால் தூக்கம் சொக்குகிறது, வாய் வறள்கிறது. இரண்டுக்கும் மருந்தாக டீ. எங்கள் தெருப் பையன் ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்தான். டீக்கு இரண்டு கரண்டி என்றாலும், சர்க்கரை மட்டும் பன்னிரண்டு கரண்டி. கூடவே பீடி. பீடியில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. புகை, குளோசபினை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். பீடி இல்லாத வார்டில் பார்த்து வைத்த அளவு, வீட்டுக்கு வந்து புகைக்க ஆரம்பித்ததும் போதாமல் போகலாம். திடீரென்று பீடியை விட்டாலோ மருந்து ரத்தத்தில் எகிறும். எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு தொப்பை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் கூட்டாக வந்து சேர்கின்றன. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலைதான் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதைவிட அதிகம் பேரைக் கொண்டுபோவது மாரடைப்பு போன்ற உடல் நோய்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். ஃபின்லாந்தில் 66,881 நோயாளிகளின் பதிவுகளை 11 ஆண்டுகளுக்கு அலசி, 2009-ல் வெளியிட்டார்கள். மருந்தே எடுக்காதவர்களைவிட எடுத்தவர்களிடம் மரணம் குறைவு. மிகக் குறைவாக இருந்தது எந்த மருந்தில் தெரியுமா? எடையை அதிகம் ஏற்றும் அதே குளோசபினில்! மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும், திரும்பவும் வார்டு. மருந்தும் வேண்டும், உடம்பின் மேல் ஒரு கண்ணும் வேண்டும்.

அந்தக் கண்தான் இல்லை. ரிவ்யூவுக்குப் போனால், நீண்ட வரிசையில் நின்றபின் இரண்டு கேள்வி: "தூங்குறாரா? குரல் கேக்குதா?" அப்புறம் அதே மாத்திரை. சர்க்கரை டாக்டரிடம் போனால், "இது மனநோய் மாத்திரையால வந்தது, அங்கேயே கேளுங்க" என்பார். அமெரிக்காவில் நீரிழிவு, மனநலச் சங்கங்கள் இணைந்து 2004-லேயே வழிமுறை வகுத்துவிட்டன: மருந்து தொடங்கும்முன் எடை, இடுப்புச் சுற்று, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும், பிறகு 4, 8, 12-ம் வாரங்களில் எடை, 12-ம் வாரம் மற்ற சோதனைகளும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தையற்காரர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றி அளந்தால், நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் எச்சரிக்கை. 90 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய முப்பத்தைந்தரை அங்குலம். 36 சைஸ் பேன்ட் அதையும் தாண்டிவிட்டதே!

அக்காவின் மகனுக்கு வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 138. வயது 27. டாக்டர் மெட்ஃபார்மின் எழுதினார்; பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எடை ஏற்றாத வேறொன்றுக்கு மாற்றினார். (எல்லோருக்கும் இப்படி மாற்ற முடியாது; சிலருக்குப் பழைய மருந்து மட்டுமே கேட்கும்.) "நட, நட" என்றால் அவன் நடப்பதில்லை. காலையில் பால் பாக்கெட் வாங்க அவனைத்தான் அனுப்புகிறார்கள், அதுவும் பக்கத்துக் கடைக்கு அல்ல, பஸ் ஸ்டாண்ட் பூத்துக்கு. போக வர இரண்டு கிலோமீட்டர். அவனுக்கு மட்டும் சர்க்கரையைக் குறைக்காமல், வீட்டில் எல்லோருக்குமே டீயில் அரைக் கரண்டி ஆக்கிவிட்டார் அக்கா. இதில் அதிகம் முணுமுணுத்தது அவனுடைய அப்பா.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீட்டு வாசலுக்கே பணியாளர்கள் வருகிறார்கள். வீட்டில் அப்பா, பாட்டி கையை நீட்டுகிறார்கள். அடுத்த முறை அவர்கள் வரும்போது, உள்ளறையில் படுத்திருக்கும் பிள்ளையையும் எழுப்பிக் கூட்டி வாருங்கள்.